மிளகுக்காரம்மாவின் வீட்டுக்காரர்

என் மனைவி மிளகு வாங்குகிறவர். மசாலா ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்காகக் குடகு, வயநாடு, இடுக்கி, ஏற்காடு என்று பருவத்துக்குப் பருவம் மலை ஏறி இறங்குவது அவருடைய வேலை. சரித்திர வாத்தியார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சில பயணங்களில் நானும் ஒட்டிக்கொள்கிறேன். பெட்டி தூக்க ஓர் ஆள் கிடைத்தது என்பது அவர் கணக்கு. அறை வாடகை இல்லாமல் ஊர் பார்க்கலாம் என்பது என் கணக்கு.

இப்படிக் கூடப் போனதில் மிகத் தொலைவான ஊர் ஹோ சி மின் நகரம், நம் பாட்டன்மார் சைகோன் என்று சொன்ன ஊர். இன்று உலகத்திலேயே அதிகம் மிளகு விளைவிப்பதும் ஏற்றுமதி செய்வதும் வியட்நாம்தான் என்பதால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல் தீராது. அவர் காலையில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். நான் வரைபடமும் கையுமாக இறங்குவேன். பென் தான் சந்தையில் சுற்றினேன். ட்ருவோங் தின் தெருவில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில், வியட்நாமியப் பெண்கள் கற்சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலை முணுமுணுப்பதை நின்று பார்த்தேன். நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கும் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே வட்டித் தொழில் நடத்திய செட்டிநாட்டு ஆண்கள் மூன்றாண்டுத் தவணையில் கப்பலேறினார்கள். ஆச்சிமார் ஊரிலேயே பெரிய வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தொழிலுக்குப் போகிறவரோடு துணையும் கூடப் போவது அன்று பெரும்பாலும் வழக்கமில்லை. அதே ஊரில் மனைவி தொழில் பார்க்க, நான் பனிக்கட்டி போட்ட காபியை உறிஞ்சிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய நகரம் வேலையில்லாதவனுக்கு வேண்டியதையெல்லாம் தயாராகவே வைத்திருக்கிறது. அருங்காட்சியகம், பூங்கா, கடைத்தெரு, படகுச் சவாரி என்று நாளை ஓட்டிவிடலாம். திரும்பி வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, அந்த ஊரில் எந்த மனிதரோடும் நான் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிருக்கவில்லை. நான் யார் என்று யாரும் கேட்கவும் இல்லை.

குண்டனி நாட்டில் போய் இறங்கிய கால் மணி நேரத்துக்குள் கேட்டுவிட்டார்கள்.

அது நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி வந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. எழுபது கொண்டைஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று எண் போட்ட பலகை உண்டு. இந்த எழுபது வளைவுகளைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. எலுமிச்சம்பழம் முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு ஏறியவன் நான், அதனால் என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மேலே சோளக்காட்டில் வண்டி நின்றபோது காற்று மாறியிருந்தது. சந்தைப் பக்கம் மலைவாழைத் தார்களும் அன்னாசியும் குவிந்து கிடந்தன. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் ஒரு குவளை குடித்தேன். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒருவகைப் பெரணியின் வேர்த்தண்டு அது. மேலெல்லாம் ரோமம் மூடி, பார்க்க ஆட்டுக்கால்தான். மூட்டுவலிக்கு நல்லதென்று கடைக்காரர் சத்தியம் செய்தார். என் மூட்டு இன்னும் முடிவு சொல்லவில்லை.

கொல்லிமலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கேட்டு வரும் பெயர்கள் வேறு. வளப்பூர் நாட்டில் பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயில், அதற்குக் கீழே ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஐயாறு விழும் ஆகாயகங்கை, மாசிலா அருவி, எட்டுக்கை அம்மன், சீக்குப்பாறைக் காட்சிமுனை, வாசலூர்பட்டிப் படகுக் குளம். குண்டனி நாட்டைக் கேட்டு யாரும் வருவதில்லை. மலை முழுக்கப் பதினான்கு ஊராட்சிகள், வளவந்தி நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, சேளூர் நாடு, ஆலத்தூர் நாடு என்று எல்லாம் நாடுகளே. அதில் ஒன்று இது. அரசாங்கம் ஊராட்சி என்று பலகை வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே மலையாளிப் பழங்குடி மக்கள் மலையை இப்படிப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவரில் ஒருவர் சேர்வராயன் மலைக்கும், ஒருவர் கொல்லிக்கும், ஒருவர் பச்சைமலைக்கும் போனதாகக் கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுக்கு முன்பே அதை எழுதி வைத்திருக்கிறார். மூத்தவர் எங்கே போனார் என்பதில் மலைக்கு மலை கதை மாறும். கொல்லியில் கேட்டால் எந்த விடை கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் தங்கியது ஒரு மிளகு விவசாயியின் ஓட்டு வீட்டில். வாசலில் சிமெண்டுக் களம், களத்தில் தார்ப்பாய், தார்ப்பாய் முழுக்க மிளகு. மாசி, பங்குனி இங்கே மிளகுப் பறிப்புக் காலம். சில்வர் ஓக் மரங்களில் நாற்பது அடி உயரத்துக்குக் கொடி ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுக்கணுவாகக் கால் வைக்க இடம் விட்ட ஏணியைச் சாய்த்து, இடுப்பில் கோணிப்பையோடு ஏறுகிறார்கள். சரத்தில் ஓரிரு மணி சிவந்தால் பறிக்கலாம் என்பது கணக்கு. முழுச் சரமும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பறவைக்குப் பாதி, தரைக்குப் பாதி. பறித்ததை உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து வெயிலில் பரப்புவார்கள். அப்படி முக்கினால் சீக்கிரம் காயும், நிறமும் ஒரே சீராகக் கறுக்கும். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் முப்பத்துமூன்று கிலோ தேறும்.

என் மனைவி களத்துக்கு வந்தால் வேறு ஆளாகிவிடுவார். ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார். இரண்டு மணியைக் கடிப்பார். ஈரமானியில் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் காட்டினால் முகம் இறுகும். பிறகு தண்ணீர்க் குவளையில் போட்டு மிதக்கும் பொக்கு மிளகை எண்ணுவார். கடைசியில் லிட்டர் வெயிட். ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்பதுதான் அதன் தரம். ஐந்நூற்றைம்பது என்றால் நல்ல விலை, அதற்குக் கீழே இறங்க இறங்கப் பேரம். இந்த நேரத்தில் நான் பக்கத்தில் நிற்பதை அவர் விரும்புவதில்லை. “எங்கேயாவது போய்ப் பாத்துட்டு வாங்களேன்” என்பார்.

எங்கே போவது? போக இடம் இல்லை. அதுதான் குண்டனி நாட்டின் விசேஷம் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

முதல் நாள் வாசல் திட்டில் உட்கார்ந்திருந்தேன். நாலைந்து பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். “நீங்க மேடத்தோட டிரைவரா?” என்றான் ஒருவன். இல்லை, வண்டி ஓட்டியவர் அதோ தூங்குகிறார் என்றேன். “அப்ப ஆபீசரா?” அதுவும் இல்லை. “மிளகுக்காரம்மா வூட்டுக்காரருடா” என்று உள்ளேயிருந்து வீட்டு ஆயாவின் குரல் வந்தது. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சும்மாதான உக்காந்திருக்கீங்க சாமி, இந்தக் கோழிய ஓட்டுங்க” என்று ஒரு நீளமான குச்சியைக் கொடுத்தார்.

கோழி மிளகைத் தின்பதில்லை, கிளறி வாரித் தெளித்துவிடும். ஆடு வந்தால் குறுக்கே நடக்கும். மேகம் கறுத்தால் தார்ப்பாயின் நான்கு மூலையையும் மடிக்க ஆள் கூப்பிட வேண்டும். இப்படியாக எனக்கு ஒரு பதவி அமைந்தது. குச்சி வைத்திருப்பவனிடம் ஊர் தானாக வந்து பேசும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் என்று தெரிந்ததும் ஒரு பையன் சமூக அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவந்தான். ஒருவர் பட்டா மாற்றத்துக்கு எழுதிய மனுவைக் காட்டி எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். ஒருவர் வாடல் நோய் கண்ட மிளகுக் கொடியின் வேரைப் பிடுங்கிவந்து, மேடத்திடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். வேர் கறுத்து அழுகியிருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் பரவுகிற பூஞ்சை. ஒரு கொடிக்கு வந்தால் பத்துப் பதினைந்து நாளில் இலை உதிர்ந்து மொட்டையாகும் என்றார் அவரே. விடை தெரிந்துதான் கேட்கிறார்கள், பேச ஒரு சாக்கு வேண்டும்.

ஓரியைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த வல்வில் ஓரியின் கதையை, புறநானூற்றில் வன்பரணர் பாடியதை, நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதையும். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு விழா எடுக்கும்போது வில்வித்தைப் போட்டியும் நடக்கும். ஆனால் கோழி ஓட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒருவர் வாயிலும் ஓரி வரவில்லை. நானாகக் கேட்டதற்கு, “ஆடி மாசம் வாங்க சார், கூட்டம் நல்லா இருக்கும்” என்றார் ஒருவர். இரண்டாயிரம் ஆண்டுப் பெருமையெல்லாம் சமவெளியிலிருந்து போகிற எங்களுக்குத்தான் அவசரமாகத் தேவைப்படுகிறது போலிருக்கிறது.

அவர்கள் பேசியது சாமையைப் பற்றி.

ஒரு நாள் காலை ஆயா உரலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐப்பசி, கார்த்திகையில் அறுத்த சாமை குதிரில் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்துக் காயவைத்து, உரலில் கொட்டி உலக்கை போட்டார். சாமையின் உமி சாமானியமாகக் கழலாது. குத்து, முறத்தில் புடை, மறுபடி உரலில் கொட்டு, குத்து, புடை. மணி கடுகைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்; ஓங்கிக் குத்தினால் உடைந்து நொய்யாகும், மெல்லக் குத்தினால் உமி போகாது. நான் உலக்கையை வாங்கிப் பார்த்தேன். சிறிது நேரத்தில் தோள் கழன்றது. ஆயா பேசாமல் திருப்பி வாங்கிக்கொண்டார். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் அரைக் காலைப் பொழுது போய்விடுகிறது.

“எத்தன வகை இருந்துச்சு தெரியுங்களா? கட்டவெட்டிச் சாமைன்னா சீக்கிரம் வந்துரும். பெருஞ்சாமை நின்னு வரும். திருகுலசாமை, மல்லியச்சாமை… தினையில மூக்காந்தினை, பாலாந்தினை. கேவுரு சொல்லவே வேணாம், சுருட்டக் கேவுரு, கருமுழியன், சுண்டங்கி. வெதை வூட்டுக்கு வூடு வேற.”

“இப்ப யார் போடுறாங்க ஆயா?”

“குத்தறதுக்கு ஆளு இருக்கறவிய போடுவாங்க.”

கொல்லிமலையில் சிறுதானியம் ஏன் குறைந்தது என்பதற்குப் பலர் பல காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் ஆயாவின் இந்த ஒரு வரி கடந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகள் மரவள்ளியைத் தேடி மலைக்கு வந்தன. இந்தப் பக்கத்துப் பேச்சில் அது குச்சிக்கிழங்கு. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்த பிறகு ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் ஒழுங்கான சந்தை கிடைத்தது. குச்சியை நட்டால் போதும், பிடுங்கினால் லாரி வரும், கையில் பணம். குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். அந்தப் பணத்தில் அரிசி வாங்கினார்கள். 2011இலிருந்து ரேஷன் அரிசியும் இலவசம். சரிவு நிலத்தில் சாமைக்கும் தினைக்கும் இருந்த இடத்தைக் கிழங்கு எடுத்துக்கொண்டது. அதன் பின்னால் காபியும் மிளகும். ஆண்கள் கணக்குப் பார்த்து மாறினார்கள் என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கென்னவோ பெண்களின் தோள்பட்டை வலிதான் மலையின் பயிரை மாற்றியது என்று படுகிறது.

இதைக் கண்டுகொண்டவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார். 1990களிலிருந்து இந்த மலையில் வேலை செய்கிறார்கள். விதைகளைத் திரட்டிக் காப்பதோடு நின்றிருந்தால் அது காட்சிப்பொருள் ஆகியிருக்கும். உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்து பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். உரல் வேலை ஒழிந்த ஊர்களில் சாமை கொஞ்சம் திரும்பி வந்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது சென்னைக் கடைகளில் சாமைக்கு வந்த மவுசு நமக்குத் தெரியும். ஆயாவுக்கு அந்த ஆண்டு அறிவிப்பு தெரியாது. மில்லுக்குப் போகாமல் ஏன் குத்துகிறீர்கள் என்று கேட்டேன். மில்லில் போட்டால் மணம் போய்விடுகிறதாம். அதோடு, கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது.

சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் மத்தியானம் இலையில் விழுந்தன. என் மனைவிக்கு அன்றைக்கு எட்டுக் களம் பார்க்க வேண்டியிருந்ததால் அவர் பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டார்.

நடுவில் ஒரு ராத்திரி மழை பெய்தது. தார்ப்பாயை மடிக்க ஊரே ஓடியது. எனக்கு அது வெறும் தொந்தரவாகத் தெரிந்தது. வீட்டுக்காரரோ நனைந்துகொண்டே சிரித்தார். காபிக்கு அது பூ மழை. மாசியிலோ பங்குனியிலோ ஒரு நல்ல மழை விழுந்தால்தான் மொட்டு விரியும். அடுத்த ஒன்பது பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகும், மல்லிகை மாதிரி மணக்கும் என்றார். நாங்கள் கிளம்புவதற்குள் அது நடக்கவில்லை. ஒரே மழை ஒரே வாசலில் மிளகுக்குக் கெடுதல், காபிக்கு வரம். இரண்டையும் வைத்திருக்கிறவர் எதற்காகக் கவலைப்படுவது என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பையன்கள் என்னைக் கோயில் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஊருக்கு மேலே ஒரு சிறு சோலை. உள்ளே வேல்களும் ஒரு கல்லும். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே விழுந்து கிடக்கும் காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. சுற்றிலும் சில்வர் ஓக்காகவும் கிழங்குக் காடாகவும் மாறிப்போன சரிவில், பழைய காடு எப்படி இருந்தது என்று தெரிய இந்தத் துண்டுதான் மிச்சம். ஒரு பையன் தவறிப்போய்க் கையில் ஒட்டிய இலையை உதறிவிட்டுத்தான் வெளியே வந்தான்.

வளவந்திக்குப் போனது என் சொந்த விருப்பம். வீட்டுக்காரரின் தம்பி பைக்கில் கூட்டிப்போனார். அங்கே இருக்கும் இரண்டு கல்லறைகளைப் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்கு வியப்பில்லை. வெளியூரிலிருந்து அதற்காக வருகிறவர்கள் உண்டு.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1913இல் மணம் முடித்து இந்த மலைக்கு வந்தார்கள். அப்போது வளைவுமில்லை, சாலையுமில்லை. ஜெஸ்ஸி மதப் பணிக்காக வந்தவர். இங்கே அவர் செய்ததில் பாதி தச்சு வேலையும் வைத்தியமும். நரம்புச் சிலந்தி என்று நம் ஊரில் சொன்ன புழு அன்று மலை மக்களை வாட்டியது. காலில் கொப்புளம் கட்டி முழக் கணக்கில் வெளியே வரும் அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுப்பார். புண்ணோடு கிணற்றில் இறங்குவதால்தான் அது தண்ணீரில் பரவுகிறது என்று சொல்லி, கிணறுகளுக்குக் கல் சுவர் கட்ட வைத்தார். நாடு முழுவதும் அந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000ஆம் ஆண்டில். 1914இல் அவர்களுக்குப் பிறந்த மகன் பால் பிராண்ட், பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைத்தவர். அவர் தமிழ் பேசவும் மரம் ஏறவும் கற்றது இங்கேதான்.

எனக்கு ஈவ்லின்மேல்தான் கண். லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் படித்தவர். கணவரோடு மலையேறியவர் என்றுதான் குறிப்புகள் தொடங்கும். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். கூட வந்தவர் என்றால் அதோடு ஊர் திரும்பியிருக்க வேண்டும். போனார், ஆனால் திரும்பி வந்தார். மலைக்கு அனுப்பச் சபை தயங்கியதால் சமவெளியில் வேலை செய்தார். அறுபத்தெட்டு வயதில் ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு என்றால் இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று பொருள் கொண்டு நேராக மலைக்கு வந்துவிட்டார். மட்டக்குதிரையில் ஏறிக் கொல்லியோடு பிற மலைகளுக்கும் போய் மருந்து கொடுத்தார். 1974இல் தொண்ணூற்றைந்தாவது வயதில் இறந்தபோது கணவருக்குப் பக்கத்தில் இங்கேயே புதைத்தார்கள். மதமாற்றம் பற்றி எனக்குச் சொந்தக் கருத்துகள் உண்டு. அவற்றை இந்தக் கிழவியின் முன்னால் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

பைக் ஓட்டி வந்தவர் கொஞ்சம் தள்ளி நின்று போனில் மிளகு விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேச்சிலிருந்து மேடம் தரப்போகும் விலை போதவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசி நாள் மாலை எடை போட்டார்கள். மூட்டைகள் வரிசையாக நின்றன. நிறுவனத்துப் பையன் முதல் மூட்டையின் வாயைப் பிரித்து, மேலாக அள்ளி லிட்டர் பாத்திரத்தில் கொட்டி, சட்டத்தால் வழித்துவிட்டுத் தராசில் வைத்தான். ஐந்நூற்று முப்பத்தெட்டு. வீட்டுக்காரரின் முகம் விழுந்தது. இன்னொரு முறை, ஐந்நூற்று நாற்பது. ஊர்க்கவுண்டர் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் மூட்டையைத் தூக்கவும் யாரும் முன்வரவில்லை. மலையில் கோபம் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

“சாரையே கேளுங்க” என்றார் ஆயா, வெற்றிலையை மென்றபடி. “காஞ்ச நாளெல்லாம் கோழி ஓட்டுனவரு அவருதான். மொளகு எப்படின்னு அவருக்குத் தெரியாதா?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எங்கள் வீட்டில் தெளிவான அர்த்தம் உண்டு. எனக்கு மிளகு தெரியாது. ஆனால் இத்தனை பயணங்களில் அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கேட்டது தெரியும்: மூட்டையை அசைத்துத் தூக்கி வைத்தால் பொக்கு மேலே வரும், மேல்வாய் மிளகு மட்டும் மூட்டை ஆகாது. “குத்தூசி போட்டு நடுவுலயும் அடியிலயும் எடுத்துப் பாத்துடலாமே” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் குத்தூசியைக் கொண்டுவந்துவிட்டார்.

மூன்று இடத்தில் குத்தி, கலந்து, கொட்டி, வழித்து, எடை போட்டார்கள். ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. மறுபடி போட்டார்கள், ஐந்நூற்று ஐம்பத்தொன்று. ஊர்க்கவுண்டர் எழுந்து துண்டை உதறினார். மேடம் ஒரு வார்த்தையும் பேசாமல் சீட்டில் விலையைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆயா உள்ளே போய் ஒரு படி சாமை அரிசியை மஞ்சப்பையில் கட்டி என்னிடம் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மேடத்திடம் நீட்டவே இல்லை.

இறங்கும்போது முள்ளுக்குறிச்சிப் பாதையில் வந்தோம். அதிலும் வளைவுகள் உண்டு. அவற்றை நான் எண்ணவில்லை, எண்ணும் மனநிலையில் வண்டியில் யாரும் இல்லை. மனைவி ராசிபுரம் வரும்வரை வாயே திறக்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே காபி குடிக்க நிறுத்தியபோதுதான் பேசினார்.

“அடுத்த மாசம் வயநாடு. நீங்களும் வர்றதா இருந்தா, மூட்டை கட்ற அன்னிக்கு ரூம விட்டு வெளிய வர மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும்.”

வயநாட்டில் பார்க்க நிறைய இடம் இருக்கிறது என்றேன்.